தண்ணீரில்தான் பரீட்சை

ஓடுவதற்கு மட்டும் ஒரு ஜிபிஎஸ் வாட்ச் வேண்டும் என்றால் இன்று அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. பெயர் தெரிந்த நான்கைந்து நிறுவனங்களில் எதன் ஆரம்பநிலை மாடலை வாங்கினாலும், தூரம், நேரம், வேகம் மூன்றையும் ஒழுங்காகச் சொல்லிவிடும். “நீந்தவும் செய்வேன்” என்று நீங்கள் சேர்த்துச் சொல்லும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. நீச்சல்வீரர் படம் எல்லாப் பெட்டியின் மேலும் இருக்கிறது. ‘50 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்ற வரியும் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆனால் தண்ணீருக்குள் கெட்டுப்போகாமல் இருப்பது வேறு, தண்ணீருக்குள் சரியாகக் கணக்கெடுப்பது வேறு.

சென்னையில் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி எழுகிறது. பெசன்ட் நகரிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் ஞாயிறு காலை ஓடிக்கொண்டிருந்தவர்கள் பலர், முட்டி வலிக்கு மாற்றாகவோ டிரையத்லான் ஆசையிலோ நீச்சல் கற்க வருகிறார்கள். கோவாவில் 2019-ல் அயர்ன்மேன் 70.3 என்ற டிரையத்லான் போட்டி முதல்முறையாக நடந்தது. 1.9 கிலோமீட்டர் கடல் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். இந்த மூன்றில் நம்மூர் ஓட்டக்காரர்களைத் தூங்கவிடாமல் செய்வது முதலாவதுதான். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: வாட்சை நீச்சலை வைத்துத் தேர்ந்தெடுங்கள். நீச்சலில் தேறிய வாட்ச் ஓட்டத்தில் சோடைபோனதாக நான் பார்த்ததில்லை. ஓட்டத்தில் பேர்வாங்கிய வாட்சுகள் நீச்சலில் திணறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

குளத்தில் செயற்கைக்கோளுக்கு வேலை இல்லை

நீச்சல்குளத்தில் வாட்ச் ஜிபிஎஸ்ஸைப் பயன்படுத்துவதே இல்லை என்பது பலருக்கு வியப்பான செய்தி. அங்கே வேலை செய்வது கையசைவை உணரும் ஆக்சிலரோமீட்டர் சென்சார். குளத்தின் நீளத்தை முன்கூட்டியே நீங்கள் சொல்லிவைக்க வேண்டும். ஒவ்வொரு முறை சுவரில் திரும்பும்போதும் வாட்ச் ஒரு லேப் எண்ணும். எண்ணியதை நீளத்தால் பெருக்கினால் தூரம். அவ்வளவுதான் கணக்கு.

திரும்புவதை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஃப்ரீஸ்டைலில் கை ஒரே தாளத்தில் சுழன்றுகொண்டிருக்கிறது. சுவரை நெருங்கியதும் தாளம் அறுகிறது. உடல் புரள்கிறது, கால்கள் சுவரை உதைக்கின்றன, இரண்டு கைகளும் முன்னால் நீண்டு இரண்டு மூன்று நொடி அசையாமல் சறுக்குகின்றன. பிறகு மறுபடி தாளம். அசைவு, திடீர் வேகம், அமைதி, மறுபடி அசைவு என்ற இந்த வரிசையைத்தான் வாட்ச் ‘திருப்பம்’ என்று படிக்கிறது. ஆகவே சுவரை நன்றாக உதைத்துச் சறுக்குபவருக்குக் கணக்குச் சரியாக வரும். சுவரை ஒரு கையால் பிடித்து, நின்று, மூச்சு வாங்கி, மெதுவாகக் கிளம்புபவருக்குத் தவறும். நடுக்குளத்தில் கண்ணாடியைச் சரிசெய்ய நின்றாலோ, எதிரே வருபவருக்கு வழிவிட்டு ஒதுங்கினாலோ ஒரு லேப் கூடுதலாக விழக்கூடும்.

குளக்கரையில் ஒருநாள் காதில் விழுந்த உரையாடல் இது. கல்லூரி வயதுப் பையன் ஒருவன் வாட்சைக் காட்டி, “மாஸ்டர், நாப்பது லேப் போட்டேன். இது முப்பத்தாறுன்னு காட்டுது. வாட்ச் போச்சா?” என்று கேட்டான். மாஸ்டர் அவன் கையைக்கூடப் பார்க்கவில்லை. “பலகையைப் புடிச்சுக்கிட்டு நாலு லேப் உதைச்சியேப்பா, அதை யாரு எண்ணுவாங்க? கை ஆடலைன்னா அதுக்கு நீ நிக்கிறேன்னுதான் அர்த்தம்.” வாட்ச் விற்பவர்கள் யாரும் இதை இவ்வளவு சுருக்கமாக எனக்குச் சொன்னதில்லை.

இதற்குத் தீர்வு ‘டிரில்’ என்ற வசதி. பலகைப் பயிற்சி முடிந்ததும் தூரத்தை நாமே கூட்டவோ குறைக்கவோ அது அனுமதிக்கும். வாங்கும்முன் இது இருக்கிறதா என்று கேளுங்கள். அதைவிட முக்கியம், குளத்தின் நீளத்தை நம் விருப்பப்படி அமைக்க முடிகிறதா என்பது. மெரினா, வேளச்சேரி போன்ற பொதுக் குளங்களில் நீந்துபவர்களுக்குப் பிரச்சினை இல்லை; நீளத்தை அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் குளங்கள் அப்படியல்ல. ஒரு பக்கம் வளைந்து, நடுவில் படிக்கட்டு வைத்து, பன்னிரண்டு மீட்டரோ பதினெட்டோ என்று கட்டியவருக்கே மறந்துபோயிருக்கும். டேப் வைத்து அளந்துவிடுங்கள். 23 மீட்டர் குளத்தை 25 என்று பதிவுசெய்தால், நாற்பது லேப் முடித்து ஆயிரம் மீட்டர் நீந்தியதாக மகிழ்வீர்கள். உண்மையில் நீந்தியது 920 மீட்டர்தான். மிகச் சிறிய குளங்களை ஏற்காத வாட்சுகளும் உண்டு. ஆகக் குறைந்த நீளம் எவ்வளவு என்பதை வாங்கும்முன் பார்த்துவிடுவது நல்லது.

நீந்தி முடித்ததும் வாட்ச் காட்டும் எண்களில் ‘ஸ்வால்ஃப்’ ஒன்று. ஒரு லேப்புக்கு எடுத்த நொடிகளையும் கைவீச்சுகளையும் கூட்டினால் வருவது. 25 நொடி, 20 வீச்சு என்றால் 45. குறையக் குறைய நல்லது. பெரும்பாலான வாட்சுகள் கட்டியிருக்கும் கையின் வீச்சுகளை மட்டுமே எண்ணுவதால், நண்பரின் வேறு பிராண்ட் வாட்சோடு இதை ஒப்பிடாதீர்கள். ஆறடிக்காரரின் எண்ணோடு ஐந்தடிக்காரர் ஒப்பிட்டுக் கவலைப்படுவதும் வீண். போன மாதத்து உங்களோடு இந்த மாதத்து உங்களை ஒப்பிடுவதற்கு மட்டும்தான் அது.

எனக்கு இதைவிடப் பயனுள்ளதாகப் படுவது ‘சிஎஸ்எஸ்’ எனப்படும் தாங்குவேகம். ஒருநாள் 400 மீட்டரையும், போதிய ஓய்வுக்குப்பின் 200 மீட்டரையும் முழுமூச்சாக நீந்துங்கள். நானூறுக்கு 9 நிமிடம், இருநூறுக்கு 4 நிமிடம் 12 நொடி என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 4 நிமிடம் 48 நொடி. அதில் பாதி 2 நிமிடம் 24 நொடி. நீண்ட தூரத்துக்கு நீங்கள் தாக்குப்பிடிக்கக்கூடிய, நூறு மீட்டருக்கான வேகம் ஏறக்குறைய இதுதான். பயிற்சி முழுவதையும் இதை வைத்து அமைக்கலாம். இதற்கு வாட்சில் தேவைப்படுவது ஓர் அழுத்தமான லேப் பட்டனும், சுவரில் நிற்கும்போது ஓய்வு நேரத்தைத் தனியாக எண்ணும் வசதியும்தான்.

கடலில் இறங்கினால்

கடல், ஏரி என்று திறந்தவெளிக்குப் போனால்தான் ஜிபிஎஸ் வேலைக்கு வருகிறது. அங்கேதான் அதன் பலவீனமும் தெரிகிறது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் அந்த மெல்லிய ரேடியோ அலையைச் சில சென்டிமீட்டர் தண்ணீரே தடுத்துவிடும். ஃப்ரீஸ்டைல் நீந்தும்போது மணிக்கட்டு தண்ணீருக்கு மேலே வந்து முன்னால் பாயும் ஒரு நொடிக்கும் குறைவான அவகாசத்தில் வாட்ச் வானத்தைப் பார்த்தாக வேண்டும். அடுத்த நொடி மறுபடி இருட்டு. இப்படிக் கிடைத்த துண்டுப் புள்ளிகளை, கைவீச்சின் தாளத்தோடு பொருத்தி, நடுவில் கோடு போட்டு ஒப்பேற்றுவது வாட்சுக்குள் இருக்கும் மென்பொருள். நல்ல வாட்சுக்கும் சுமாரான வாட்சுக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒப்பேற்றும் திறமையில் இருக்கிறது. பெட்டியின் மேல் போட்டிருக்கும் விவரங்களில் இது தெரியாது.

பிரெஸ்ட் ஸ்ட்ரோக் நீந்துபவருக்கு நிலைமை இன்னும் மோசம். மணிக்கட்டு ஏறக்குறைய எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் வரைபடம் குடித்தவன் நடந்த பாதைபோல வரும். அதற்கு ஒரு பழைய வழி உண்டு: வாட்சைக் கழற்றி நீச்சல் தொப்பிக்குள், பின்மண்டையில் வைத்துவிடுவது. கை வீச்சுக் கணக்கு போய்விடும், தூரம் சரியாக வரும். இடுப்பில் கட்டி இழுத்துச் செல்லும் ஆரஞ்சு நிற மிதவை வைத்திருப்பவர்கள் வாட்சை அதன்மேல் கட்டிவிடலாம். மிதவை எப்போதும் தண்ணீருக்கு மேலேயே இருக்கிறது.

அந்த மிதவையை வாட்சுக்கு முன்னால் வாங்குங்கள் என்பேன். நம் கடற்கரையில் கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களையும் ஆண்டுதோறும் கொண்டுபோகிறது. மணிக்கட்டில் இருக்கும் எந்தக் கருவியும் அங்கே உதவாது. கடலை அறிந்த பயிற்சியாளர், கூடவே நீந்தும் குழு, படகு, மிதவை இவை இல்லாமல் இறங்காதீர்கள்.

வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-ல் பாக் நீரிணையைப் போகவும் வரவுமாக இரு வழியும் நீந்திக் கடந்தார். குற்றாலீஸ்வரன் 1994-ல் சிறுவனாக அதே நீரிணையைக் கடந்தார். இத்தகைய நெடுந்தூர நீச்சல்களில் இன்று நம்பப்படுவது துணைப்படகில் இருக்கும் ஜிபிஎஸ்தான். தூரத்தையும் புறப்பட்ட இடத்துக்கும் சேர்ந்த இடத்துக்கும் இடையிலான நேர்கோட்டை வைத்தே சொல்கிறார்கள். நீரோட்டம் தள்ளியதால் நீந்தியவர் உண்மையில் கடந்த பாதை அதைவிட நீளமாக இருக்கும். ஆகவே 1.9 கிலோமீட்டர் போட்டியில் உங்கள் வாட்ச் 2.1 என்று காட்டினால் உடனே அதைக் குற்றம் சொல்லாதீர்கள். மிதவைக் குறியை நிமிர்ந்து பார்க்காமல் கோணலாக நீந்தியிருக்கலாம்.

நாடித்துடிப்பு என்னும் தலைவலி

வாட்சின் அடியில் மின்னும் பச்சை விளக்கு, தோலுக்குக் கீழே ஓடும் ரத்தத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து நாடித்துடிப்பைக் கணக்கிடுகிறது. தண்ணீரில் தோலுக்கும் சென்சாருக்கும் நடுவே நீர் புகும், ஸ்ட்ராப் நெகிழும், மணிக்கட்டு ஓயாமல் மடங்கும். வரும் எண்ணை நம்ப முடியாது. சில வாட்சுகள் நீச்சலில் இதை முன்கூட்டியே அணைத்துவைப்பதற்குக் காரணம் இதுதான்.

மார்பில் கட்டும் பட்டை துல்லியமானது. ஆனால் புளூடூத் அலையும் தண்ணீரைத் தாண்டாது. ஆகவே நீந்தும்போது பதிவைத் தன்னிடமே சேமித்துவைத்து, கரையேறியதும் வாட்சுக்கு அனுப்பும் பட்டையாகப் பார்த்து வாங்க வேண்டும். சுவரை உதைத்துக் கிளம்பும் வேகத்தில் ஆண்களுக்கு அது இடுப்புக்கு இறங்கிவிடும். நீச்சலுடைக்குள் அணியும் பெண்களுக்கு அந்தத் தொல்லை குறைவு. போலாரின் வெரிட்டி சென்ஸ் போன்ற சிறு சென்சாரை நீச்சல் கண்ணாடியின் பட்டையில் செருகி நெற்றிப்பொட்டில் வைத்துக்கொள்ளும் வழியும் உண்டு. என்னைக் கேட்டால், நீச்சலுக்கு நாடித்துடிப்பை மறந்துவிடுங்கள். நூறு மீட்டருக்கு ஆன நேரமும் எடுத்த ஓய்வும் போதும்.

ஓட்டத்துக்கு வந்தால்

ஓட்டத்தில் பார்க்க வேண்டியவை சில மட்டுமே. முதலாவது, இரட்டை அலைவரிசை. உயரமான கட்டடங்களுக்கு நடுவே செயற்கைக்கோள் அலை சுவர்களில் பட்டுத் திரும்பி, கோவில் பிராகாரத்தில் கூப்பிட்ட குரல்போலப் பலமுறை வந்து சேரும். எல்1 என்ற பழைய அலைவரிசையோடு எல்5 என்பதையும் சேர்த்துக் கேட்கும் வாட்ச், நேரே வந்த அலை எது, எதிரொலி எது என்று நன்றாகப் பிரித்தறியும். தி.நகர் மேம்பாலத்தின் அடியிலோ பறக்கும் ரயில் பாதையை ஒட்டியோ ஓடுபவருக்கு இது உதவும். மெரினாவிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் வானம் திறந்தே கிடக்கிறது. அங்கே ஓடுபவர் இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. இஸ்ரோவின் நாவிக் செயற்கைக்கோள் வழிகாட்டி அமைப்பு தொடக்கத்திலிருந்தே எல்5-ஐப் பயன்படுத்துகிறது. 2023 மே 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற என்விஎஸ்-01 செயற்கைக்கோளிலிருந்து எல்1-ம் சேர்ந்திருக்கிறது. கையில் கட்டும் சிறு கருவிகளையும் மனதில் வைத்துச் செய்த மாற்றம் அது.

மாரத்தான் முடித்த ஒவ்வொருவரும் கேட்கும் கேள்வி: “போட்டி 42.195 கிலோமீட்டர். என் வாட்ச் ஏன் 42.6 காட்டுகிறது?” முறையாகச் சான்றளிக்கப்பட்ட பாதையைச் சைக்கிள் சக்கரத்தில் பொருத்திய எண்ணுகருவியால் அளக்கிறார்கள். வளைவுகளில் உள்விளிம்பை ஒட்டி, ஓடக்கூடிய ஆகக் குறுகிய கோட்டை அளந்து, தூரம் தப்பித்தவறியும் குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்துக்கு ஒரு பங்கு, அதாவது சுமார் 42 மீட்டர், கூடுதலாகவும் சேர்க்கிறார்கள். கூட்டத்தில் விலகி, தண்ணீர் மேசைக்கு ஒதுங்கி, வளைவின் வெளிப்புறம் ஓடும் நாம் அதைவிட அதிகம்தான் ஓடுகிறோம். மீதியை ஜிபிஎஸ்ஸின் சிறு தள்ளாட்டம் சேர்த்துவிடுகிறது. ஆகவே போட்டியில் வாட்ச் காட்டும் கிலோமீட்டரை விட்டுவிட்டு, சாலையோரக் கிலோமீட்டர் பலகையைத் தாண்டும்போது நீங்களே லேப் பட்டனை அழுத்துங்கள். நொடிக்கு நொடி மாறும் ‘இப்போதைய வேக’த்தைப் பார்த்து ஓடாதீர்கள், அந்த லேப்பின் சராசரி வேகத்தைத் திரையில் வையுங்கள்.

நம் ஊர் வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசியில் அதே வேகத்தில் ஓடினாலும் உடலைக் குளிர்விக்கும் வேலையும் சேர்வதால் இதயம் வேகமாகத் துடிக்கும். வேகத்தையும் துடிப்பையும் வைத்து ‘விஓ2 மேக்ஸ்’ என்ற உடல்திறன் எண்ணை ஊகிக்கும் வாட்ச், உங்கள் உடல்திறன் சரிந்துவிட்டதாகச் சொல்லும். மனம் நொந்து பயிற்சியைக் கூட்டிக் காயப்பட்டவர்களை அறிவேன். அந்த எண் ஐப்பசி மழையோடு தானாக ஏறிவிடும். அதேபோல, 220-லிருந்து வயதைக் கழித்து வாட்ச் தானாக வைத்துக்கொள்ளும் அதிகபட்சத் துடிப்பு, சராசரி மனிதருக்கான ஊகம். உங்களுடையது அதிலிருந்து பத்துப் பதினைந்து விலகியிருக்கலாம். கடினமான ஓட்டத்தின் கடைசியில், மார்புப் பட்டை கட்டி, நீங்களே பார்த்து மாற்றிவிடுங்கள்.

கடையில் செய்ய வேண்டியது

கடைக்குப் போகும்போது ஒரு கைக்குட்டையை நனைத்து எடுத்துச் செல்லுங்கள். விரலையும் திரையையும் ஈரமாக்கி, ஒரு பயிற்சியைத் தொடங்கி, லேப் போட்டு, நிறுத்திப் பாருங்கள். தொடுதிரை மட்டுமே உள்ள வாட்ச் ஈரத்தில் குழம்பும். ஆகஸ்ட் மாதச் சென்னையில் ஆறு மணிக்கு ஓடுபவரின் விரல், குளத்திலிருந்து எழுந்தவரின் விரலைவிடக் காய்ந்ததல்ல. பட்டன்கள் உள்ளதையே வாங்குங்கள். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

‘5 ஏடிஎம்’ என்றால் 50 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தை ஆய்வகத்தில், அசையாத நிலையில் தாங்கியது என்று பொருள். குளத்துக்கும் கடல்மட்ட நீச்சலுக்கும் அது தாராளம், ஸ்கூபாவுக்கு ஆகாது. ‘ஐபி68’ என்று மட்டும் போட்டிருந்தால் அது நீச்சலுக்கான வாக்குறுதி அல்ல. கண்ணைப் பறிக்கும் அமோலெட் திரை வேண்டுமா, உச்சிவெயிலில் படிக்கத் தெளிவாகவும் பேட்டரிக்குச் சிக்கனமாகவும் இருக்கும் எம்ஐபி திரை வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். மலையில் ஓடும் கோவை, நீலகிரிக்காரர்களுக்கு உயரத்தைக் காற்றழுத்தத்தால் அளக்கும் வசதி தேவை. மேடே இல்லாத சென்னையில் அதற்குப் பெரிய பயன் இல்லை.

மாடல்களில் கவனிக்க வேண்டியது பெயருக்கு அடுத்த எண்ணை. கார்மின் ஃபோர்ரன்னர் 55-ல் குள நீச்சல் உண்டு, திறந்தவெளி நீச்சல் கிடையாது. 165-ல் இரண்டும் உண்டு. ஆனால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே பட்டனில் தொடர்ந்து பதியும் டிரையத்லான் வசதி இல்லை, இரட்டை அலைவரிசையும் இல்லை. 265-ல் எல்லாம் உண்டு, விலையும் கையைக் கடிக்கும். 2023-ல் வந்த கோரோஸ் பேஸ் 3, நைலான் ஸ்ட்ராப்போடு 30 கிராம்தான். இரட்டை அலைவரிசை, திறந்தவெளி நீச்சல், டிரையத்லான் மூன்றும் உண்டு. நீச்சலையும் ஓட்டத்தையும் சமமாகச் செய்பவருக்கு, கொடுக்கும் காசுக்கு அதை நான் முதலில் சொல்வேன். ஆப்பிள் வாட்ச் 2016-ன் சீரிஸ் 2 முதலே நீந்தத் தெரிந்தது. குளத்தில் நன்றாகவே எண்ணும். பேட்டரியும் பட்டன் பற்றாக்குறையும்தான் அதில் தடை. புது மாடல் வந்ததும் பழையது விலை இறங்கும். நீச்சல் கணக்கு ஒரு தலைமுறையில் பெரிதாக மாறிவிடுவதில்லை, பழையதை வாங்கலாம்.

வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, இணையத்தில் பகிரும் வரைபடத்தில் வீட்டைச் சுற்றியுள்ள பகுதியை மறைப்பது. உடற்பயிற்சிகளைப் பதிந்து பகிரும் ஸ்ட்ராவா செயலி வெளியிட்ட உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களின் உள்பாதைகளே வெளிச்சமாகத் தெரிவது 2018 ஜனவரியில் அம்பலமானது. விடியற்காலையில் தனியாக ஓடும் பெண்கள் இந்த அமைப்பைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும்.

அடுத்தது பராமரிப்பு. கடலோ குளமோ வியர்வையோ, வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, சார்ஜ் ஏறும் முனைகளைத் துணியால் ஒற்றிக் காயவைத்த பிறகே கேபிளைச் செருகுங்கள். உப்பு ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால் அந்த முனைகள் அரித்துப்போகும். கடலோர ஊர்களில் வாட்ச் செத்துப்போக இது ஒரு முக்கியக் காரணம். வெந்நீர்க் குளியலிலும் சோப்பிலும் உள்ளிருக்கும் ரப்பர் வளையம் தளரும், ஆகவே குளிக்கும்போது கழற்றிவிடுங்கள். ஸ்ட்ராப்புக்கு அடியில் தோல் சிவந்தால் இரவில் மறு கைக்கு மாற்றுங்கள், அல்லது நைலான் ஸ்ட்ராப்புக்கு மாறுங்கள். அந்த மாடலின் ஸ்ட்ராப்பும் சார்ஜிங் கேபிளும் தனியாகக் கிடைக்குமா, பழுதானால் இங்கேயே பார்ப்பார்களா, வேறு ஊருக்கு அனுப்பி எத்தனை நாள் காக்க வேண்டும் என்பதையெல்லாம் பணம் கொடுக்கும்முன் கடைக்காரரிடமே கேட்டுவிடுங்கள்.